நான்கெல்லையும் குடும்ப ஞாபகமும்: பவழக்காரத் தெருவை முன்னிட்டு ஒரு விசாரணை

நகரத்துப் பழந்தெரு ஒன்றின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், அத்தெருவில் இன்று குடியிருக்கும் முதியோரைத் தேடிச் சென்று, அவர்கள் கூறுவதைக் குறித்துக்கொண்டு, சர்க்கார் ஆவணங்களில் கிடைப்பதை அதன்மேல் பொருத்தி, நூலை முடித்துவிடுவது பெருவழக்காகிவிட்டது. தெருவைப் பற்றிய ஞானம் தெருவில் வசிப்போரிடமே நிறைந்திருக்கும் என்னும் அனுமானம் இம்முறைக்கு அடிப்படையாக இருக்கிறது. அவ்வனுமானம் பிழைபட்டது என்பதும், ஒரு வீட்டின் விருத்தாந்தம் பெரும்பாலும் அடுத்த வீட்டாரின் பத்திரத்திலும், தெருவை விட்டுப் போய்விட்ட குடும்பங்களின் பேச்சிலுமே தங்கியிருக்கிறது என்பதும், ஆகவே பல குடும்பத்தார் தத்தம் ஞாபகங்களை ஒன்றுகூடிப் பகிர்ந்து ஒத்துப் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கருதாமல் தெருச் சரித்திரத்திற்குரிய ஆராய்ச்சி முறையாகவே கொள்ளவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. சென்னையில் முத்தியால்பேட்டையைச் சார்ந்த பவழக்காரத் தெருவை இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

அத்தெருவின் பெயரே அங்குள்ள எந்தக் குடும்பத்தாரும் இன்று சாட்சி சொல்ல இயலாத ஒரு வியாபாரத்தைக் குறிக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மத்தியதரைக் கடலில் எடுக்கப்பட்ட பவழம் லிவோர்னோத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்கும், அங்கிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் சென்னைக்கும் வந்துசேர, அதற்கு மாற்றாகக் கோல்கொண்டாச் சீமையின் வைரம் மேற்கே சென்றது. அவ்வியாபாரத்தில் போர்த்துகீசிய வம்சத்து யூத வணிகர்கள் முதன்மை பெற்றிருந்தனர். 1688-இல் சென்னை நகரசபை தொடங்கியபோது நியமிக்கப்பெற்ற பன்னிரண்டு ஆல்டர்மேன்களில் மூவர் யூதர் என்பதிலிருந்தே அவர்களுக்கிருந்த செல்வாக்கு விளங்கும். ஆயினும் அவர்களுடைய சந்ததியார் இங்கே நிலைக்கவில்லை. தங்கசாலைத் தெருப் பக்கத்தில் இருந்த அவர்களுடைய கல்லறைக் கற்களில் எஞ்சியவைகூட இடம் பெயர்ந்து இன்று லாயிட்ஸ் சாலையில் இருக்கின்றன. பிற்காலத்தில் இதே தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் வந்து கடையும் விடுதியும் அமைத்தனர். பவழம் போய் வட்டிக்கடை வந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. ஒரு தெருவில் தலைமுறை தலைமுறையாக ஒரே மக்கள் இருந்து வருகிறார்கள் என்பது கிராமத்து அக்கிரஹாரத்துக்கு ஒருகால் பொருந்தலாம். துறைமுகப் பட்டணத்துக்குப் பொருந்தாது.

அங்ஙனமாயின் ஆவணங்களையே நம்பிவிடலாமே என்பர் சிலர். 1913-இல் வெளிவந்த எச். டி. லவ் என்பாரின் ‘வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்ட் மெட்ராஸ்’ என்னும் பெருநூல் புனித ஜார்ஜ் கோட்டைக் குறிப்புகளைச் சலித்து எடுத்திருப்பதால், அதற்குமேல் பாட்டியின் பேச்சு எதற்கு என்பது அவர்களுடைய வாதம். ஆனால் கம்பெனியின் கண்ணுக்குத் தெரு தென்படுவது சண்டை, வரி, யுத்தம் ஆகிய மூன்று சமயங்களில் மாத்திரமே. யாருடைய கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகச் செல்லலாம் என்று 1707-இல் வலங்கை இடங்கைச் சாதிப் பிரிவினர்க்குள் கலகம் மூண்டபோது கவர்னர் தாமஸ் பிட்டின் ஆலோசனைச் சபை தெருக்களைப் பற்றி ஏராளமாக எழுதிவைத்தது. பெத்துநாயக்கன்பேட்டை வலங்கையார்க்கு, முத்தியால்பேட்டை இடங்கையார்க்கு என்று பிரித்ததும் அதன் விளைவே. பிரெஞ்சுக்காரர் படையெடுப்புகளுக்குப் பிறகு பழைய கறுப்பர் பட்டணம் இடிக்கப்பட்டபோதும் கம்பெனி எழுதிற்று. புதிய பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்பியபின், அதற்காக விதிக்க நினைத்த வரியைப் பற்றியும் எழுதிற்று. (அந்த வரி வசூலாகவில்லை, வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் இன்றுவரை வசூலாகிக்கொண்டிருக்கிறது.) கலகமில்லாத வருஷங்களில் தெருவார் யாரிடம் கடன் வாங்கினார்கள், எந்த வீட்டுத் திண்ணையில் பள்ளிக்கூடம் நடந்தது, எந்த வீட்டுக் கிணறு கோடையிலும் வற்றாமல் பத்து வீட்டாருக்கு உதவியது என்பவற்றையெல்லாம் கோட்டைக் குறிப்புகள் அறியா.

தெருவார் பேச்சு, கோட்டைக் குறிப்பு ஆகிய இவ்விரண்டுக்கும் நடுவே, அறிஞர்கள் போதிய அளவு கவனியாத ஆதாரம் ஒன்று உண்டு. அது வீட்டுப் பத்திரம். கிரயப் பத்திரமாயினும் பாகப்பிரிவினைப் பத்திரமாயினும், சொத்து விவரத்தில் நான்கெல்லை கூறாமல் முடிவதில்லை. இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் காலிமனைக்குத் தெற்கு, சந்துக்குக் கிழக்கு, தெருவுக்கு வடக்கு என்று எழுதும் அவ்வாசகத்தில், ஒரு வீடு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைவிட அயலாரைப் பற்றிச் சொல்வதே அதிகம். கதவிலக்கம் பழைய எண், புதிய எண் என்று மாறிமாறி ஆராய்ச்சியாளனைத் திகைக்கவைக்கிறது. அயலார் பெயரோ அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஒரு குடும்பத்தின் மூலபத்திரம் கரையானுக்கு இரையாகியிருந்தாலும், பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் எல்லைச் சாட்சியாக அதன் முன்னோர் பெயர் பிழைத்திருக்கக்கூடும். ஒரே தெருவைச் சேர்ந்த பழங்குடும்பங்கள் நாலைந்து தத்தம் பத்திரங்களை ஒரு மேஜைமேல் பரப்பிவைத்துக்கொண்டால், தனித்தனியே எவர்க்கும் தெரியாதிருந்த வரிசை முழுவதும் தானே அமைந்துவருவதைக் காணலாம்.

இங்கே எச்சரிக்கை ஒன்று வேண்டும். பத்திரம் எழுதுவோர் பெரும்பாலும் பழைய மூலபத்திரத்தின் எல்லை வாசகத்தையே பார்த்து எழுதிவிடுவது வழக்கமாதலால், வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனவரும், இறந்து இரண்டு தலைமுறை ஆனவரும் புதிய பத்திரத்திலும் அயலாராக வீற்றிருப்பர். அப்பெயர் உயிரோடிருந்த அயலாருடையதா, வெறும் எழுத்து மரபால் வந்ததா என்பதைப் பத்திரம் தானாகக் கூறாது. அதைத் தீர்க்கவல்லது குடும்பப் பேச்சு ஒன்றே. அந்த வீட்டார்தாம் எங்கள் அத்தையின் கல்யாணத்துக்கு முன்பே காரைக்குடிக்குப் போய்விட்டார்களே என்று ஒரு கிழவி சொல்லும்போது, பத்திரத்தின் பிழை அங்கே திருத்தம் பெறுகிறது.

ஆனால் கிழவியின் சொல்லை எதுவரை ஏற்பது? காட்சி, அனுமானம் ஆகியவற்றோடு ஆப்த வாக்கியத்தையும் பிரமாணமாக ஏற்ற நம் தருக்க நூலார், ஒருவர் ஆப்தராவதற்கு அவர் அவ்விஷயத்தை உள்ளபடி அறிந்தவராக இருக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தனர். குடும்ப ஞாபகத்தை இந்நிபந்தனையால் அளந்து பார்த்தால், உறவுமுறை, வீட்டின் உள்ளமைப்பு, கொடுக்கல் வாங்கல், சடங்கு ஆகியவற்றில் அது பெரும்பாலும் ஆப்த வாக்கியமே என்பது தெரியவரும். இரண்டாங்கட்டில் எந்த அறையில் பிரசவம் நடந்தது, ரேழியில் யார் உட்காருவது, யார் உட்காரக்கூடாது என்பவற்றில் வயது முதிர்ந்த பெண்கள் தவறுவது அரிது. வருஷம் சொல்லுவதிலும் காரணம் சொல்லுவதிலும் அதே ஞாபகம் மிகவும் பலவீனமானது. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் சென்னைமீது குண்டு வீசியபோதும், ஜப்பானியர் வருவார்கள் என்ற பீதியால் 1942 ஏப்ரலில் நகரமே காலியானபோதும் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பினர். மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்று அங்கே காலமானது இரண்டாவது பீதியின்போதுதான். இவ்விரு ஓட்டங்களையும் ஒன்றாகக் குழைத்து, எம்டன் காலத்தில் ஜப்பான்காரன் வந்ததாகச் சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். வருஷம் தவறு என்பதற்காக அச்சாட்சியத்தையே தள்ளிவிடுவது அறியாமை. யார் வண்டியில் போனார்கள், எந்த உறவினர் வீட்டில் தங்கினார்கள், திரும்பி வந்தபோது வாசற்பூட்டு எப்படி இருந்தது என்பதில் அவர்கள் தடுமாறுவதில்லை; இவற்றைக்கொண்டே எந்த ஓட்டம் என்பதையும் நிர்ணயித்துக்கொள்ளலாம்.

மறதியைவிட மறைப்பே பெரிய இடையூறு. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, அதில் பணம் போட்டிருந்த சென்னைக் குடும்பங்கள் பல நிலைகுலைந்தன; அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி தோன்றியதற்கு அவ்வீழ்ச்சியே தூண்டுகோல் என்பதும், அம்முயற்சியில் நகரத்தார்க்குப் பங்கு உண்டு என்பதும் யாவரும் அறிந்ததே. வங்கி தொடங்கிய பெருமையைப் பேசாத குடும்பம் இராது. ஆர்பத்நாட்டில் இழந்ததைத் தானாகச் சொல்லும் குடும்பத்தைக் காண்பது அரிது. கடன் தீர்க்க இயலாமல் மஞ்சக் கடுதாசி கொடுத்த கதையை எந்த வீட்டாரும் தம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை; ஆனால் எதிர் வீட்டார் கொடுத்த கதையை மாதம் தேதி தவறாமல் சொல்வர். வம்பு என்று நாம் இகழும் இப்பேச்சு, சரித்திரக்காரனுக்கு நான்கெல்லை வாசகம்போலவே பயன்படுகிறது. தன் உயர்வுக்குத் தான் சாட்சி, தன் தாழ்வுக்கு அயலார் சாட்சி என்ற நிலையில் இருபுறத்தையும் ஓரிடத்தில் வைத்தாலன்றி எதையும் நம்புவதற்கில்லை.

குடும்ப ஏடுகள் இருப்பின் இச்சிக்கல் ஓரளவு குறையும். புதுச்சேரியில் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவந்த தினசரி, சந்ததியார் வீட்டில் கிடந்து, 1846-இல்தான் வெளியார் கண்ணுக்கு அகப்பட்டது. சென்னைக்கு அடுத்த பெரம்பூரில் பிறந்த அவர் புதுவையில் அமர்ந்து எழுதிய குறிப்புகளில் சென்னையைப் பற்றிய செய்திகளும் வருகின்றன. அவ்வளவு விரிவான ஏடு எல்லாக் குடும்பத்திலும் இருக்க நியாயமில்லை. நகரத்தாரிடம் வேறு வகை ஆதாரம் உண்டு. பேரேடு, ஐந்தொகை, கல்யாணத்தின்போது எழுதும் இசைகுடிமானம், மொய்க் கணக்கு ஆகியவற்றோடு, ஒன்பது கோயில்களில் தத்தமக்குரிய கோயிலில் மணமானோரைக் கணக்கிடும் புள்ளிக் கணக்கும் சேர்ந்து, யார் எப்போது மணந்தார், எந்த ஊரார் என்பதைச் சந்தேகமறக் காட்டும். ஆனால் இவை பவழக்காரத் தெருவில் இல்லை. செட்டிநாட்டு வீடுகளின் பெட்டகங்களிலும் கோயில்களிலும் இருக்கின்றன. பர்மாவில் கடை நடத்திவிட்டு 1942-இல் நடந்தே திரும்பியவர்களின் குடும்பங்களில் எஞ்சிய கடிதங்களும், அத்தெருவிலிருந்து மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களின் ஞாபகமும் அவ்வாறே. வட்டிக்கடைப் பெட்டியடியில் தொழில் பழகச் சிறுவனாக வந்து, சில வருஷத்தில் வேறு கிட்டங்கிக்கு மாற்றப்பட்டவன், தெருவை விட்டு நீங்கிய அந்த நாளில் அது எப்படியிருந்ததோ அப்படியே மனத்தில் வைத்திருக்கிறான். அங்கேயே இருப்பவனுக்கோ நேற்றைய தெருவின்மேல் இன்றைய தெரு நாள்தோறும் படிந்து மறைத்துவிடுகிறது. ஆதலால் விசாரணையைத் தெருவிலிருந்து தொடங்காமல், தெருவை விட்டுப் போனவர்களிடமிருந்து தொடங்குவதே முறையாகும் என்று கருதுகிறேன்.

இம்முறையாலும் எட்டாத மக்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். நான்கெல்லை வாசகம் சொத்துடையாரை மட்டுமே அறியும். புள்ளிக் கணக்கு தன் சமூகத்தாரை மட்டுமே அறியும். துறைமுகத்திலிருந்து மூட்டை சுமந்தவர்கள், கட்டைவண்டி ஓட்டியவர்கள், வீடுவீடாகத் தண்ணீர் ஊற்றியவர்கள், பின்கட்டில் மாதவாடகைக்கு இருந்த குடித்தனக்காரர்கள் ஆகியோர் பத்திரத்திலும் இல்லை, பேரேட்டிலும் பெரும்பாலும் கூலி என்ற தலைப்புக்குள் பெயரின்றி அடங்கிவிடுகின்றனர். வீட்டுக்காரர் பேச்சில் அவர்களுள் சிலர் ஒரு பட்டப்பெயரோடு வந்துபோகின்றனர். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், அவர்களுடைய பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை. இந்தக் கேள்விகளை வீட்டுக்காரக் குடும்பங்களின் கூட்டத்தில் கேட்டுப் பயனில்லை. காசிமேடு, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் ஆகிய இடங்களில் உள்ள அவர்களுடைய வழித்தோன்றல்களைத் தேடிச் சென்று, பவழக்காரத் தெருவைப் பற்றி அவர்கள் வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தனியே கேட்டு எழுதவேண்டும்.