ஈதர்லீக்

ஈதர்லீக் என்பது இயக்குதளங்களின் பிணைய அட்டை இயக்கிகளில் இருந்த ஒரு தகவல் கசிவுக் குறைபாடு ஆகும். 2003 ஜனவரியில் வெளியானது. அவ்வாண்டுக் குறைபாட்டுப் பட்டியலின் முதல் எண்ணான சிவிஇ-2003-0001 இதற்குரியது.

இதன் வேர் ஈதர்நெட்டின் பழைய விதி ஒன்றில் உள்ளது. ஒரே வடத்தில் பல கணினிகள் இணைந்திருந்த காலத்தில், இரு செய்திகள் மோதினால் அனுப்பி முடிப்பதற்குள் அது தெரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு தரவுக் கட்டும் குறைந்தது 64 பைட்டு நீளம் இருக்க வேண்டும் என்று வைத்தனர். முகவரி முதலிய 18 பைட்டு போக, உள்ளடக்கத்துக்கு 46. அது குறைந்தால் மீதியை நிரப்ப வேண்டும். எதைக் கொண்டு? 1984இல் வந்த ஆர்எஃப்சி 894 'சுழியங்களால்' என்றது. 1988இன் ஆர்எஃப்சி 1042 ஆவணமும் அதையே சொன்னது.

இயக்கிகளை எழுதிய பலர் நீளத்தை மட்டும் சரிசெய்தனர், இடத்தைத் துடைக்கவில்லை. நினைவகத்தில் முன்பு கிடந்தது அப்படியே வெளியே போனது. ஒரு பைட்டுத் தரவுடன் ஒரு பிங் அனுப்பினால், வரும் பதில் 29 பைட்டு. மீதி 17 பைட்டு நிரப்பு. அதில் வேறொருவருக்குச் சற்றுமுன் போன மடலின் துண்டு இருக்கலாம், கடவுச்சொல்லின் பாதியும் இருக்கலாம். கேட்டவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டால் போதும்.

இதைக் கண்டு எழுதியவர்கள் அட்ஸ்டேக் நிறுவனத்தின் ஓஃபிர் ஆர்கின், ஜோஷ் ஆண்டர்சன் ஆகியோர். லினக்சு, நெட்பிஎஸ்டி, விண்டோஸ் ஆகிய மூன்றிலும் பழுதான இயக்கிகள் இருந்தன.

ரூட்டரைத் தாண்டும்போது நிரப்பு உதிர்ந்துவிடும். ஆகவே அமெரிக்காவிலிருந்து ஒருவர் வேளச்சேரிக் கணினியை இவ்வாறு துழாவ முடியாது. ஆனால் அதே வேளச்சேரியின் பிரவுசிங் சென்டரில் அடுத்த நாற்காலியில் இருப்பவரால் முடியும். பழைய ஹப் இருந்த இடங்களில் இது பெரிய செய்தியன்று. அங்கே எல்லோர் தரவும் எல்லோருக்கும் போய்க்கொண்டுதான் இருந்தது. ஸ்விட்ச் வாங்கிப் போட்டு, இனி அவரவர் தரவு அவரவருக்கே என்று நம்பியவர்களைத்தான் இது ஏமாற்றியது.

லினக்சில் இயக்கிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, நிரப்பும் இடத்தைச் சுழியமாக்கும் வரிகளைச் சேர்த்தனர். சலிப்பான வேலை. 2021 ஜனவரியில் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் தன் தீயரண் கருவிகள் சிலவற்றில் இதே வகைக் கசிவு இருப்பதாக அறிவித்துத் திருத்தம் வெளியிட்டது. அந்த அறிவிப்பின் தலைப்பிலும் ஈதர்லீக் என்ற பெயரே இருந்தது.