சராசரி

‘சராசரி ஓசூர்த் தொழிலாளி’ என்று ஆய்வேடுகளில் படிக்கும்போது உறுத்தும். அப்படி ஓர் ஆள் சிப்காட் தொழிற்பேட்டையில் எந்த ஷிப்டுக்கும் வருவதில்லை. ‘சராசரி’ என்ற சொல்லின் மூலம் பாரசீகம். ‘சர்’ தலை, ‘சராசர்’ ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, அதாவது முழுவதும். அதன் உறவான இந்திச் சொல் ‘சர்சரி’ மேலோட்டமான பார்வையாக இளைத்துவிட்டது. ஓசூரில் புழங்கும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கணக்குக்குச் ‘சராசரி’தான்; தெலுங்கில் ‘நேராக’ என்றும் பொருள் உண்டு. தமிழில் அது ‘சாதாரணம்’ என்றும் ஆனதுதான் வினை. நிலத்தை மட்டமாக்கும் ‘நிரவு’ தந்த ‘நிரவல்’ என்ற மாற்றுச்சொல் எனக்குப் பிடிக்கும்: மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டதை அது மறைக்காது. ஒப்பந்தத் தொழிலாளியின் கூலியையும் மேலாளரின் சம்பளத்தையும் கூட்டி வகுத்தால் நடப்பது அதுதானே! மானுடவியல் மாணவர்களே, கூட்டுச் சராசரியோடு இடைநிலை அளவையும் சேர்த்தே எழுதுங்கள்.