எழுத்து எனும் சாட்சி

செயற்கை நுண்ணறிவு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதித் தருகிறது என்ற கவலை பரவலாகக் கேட்கிறது. ஆனால், எழுதிக்கொடுத்த தாளைக் கொண்டு ஒருவரின் அறிவை அளந்துவிடலாம் என்னும் நம்பிக்கை எப்போது தோன்றியது? மேற்கத்தியக் கல்வி வரலாற்றைப் பார்த்தால் அதற்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை.

ஐரோப்பாவின் இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் லத்தீனில் வாதிட்டே மாணவன் பட்டம் பெற்றான். ஒரு கருத்தை முன்வைத்து, எதிர்வாதிகளின் மறுப்புகளுக்கு அவையில் நின்று விடையிறுக்க வேண்டும். கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வு 18ஆம் நூற்றாண்டில்தான் மெல்ல எழுத்துக்கு மாறியது. 1845இல் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் எழுத்துத் தேர்வு புகுந்தபோது, அதை ஆதரித்த ஹொரேஸ் மான் எடுத்துக்காட்டிய நன்மைகளுள் முக்கியமானது நடுநிலை. எல்லோருக்கும் ஒரே வினா, ஒரே கால அளவு.

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்டன. பாடம் சொல்லும் பொறுப்பு இணைப்புக் கல்லூரிகளுக்கு. பல்கலைக்கழகத்தின் பணி தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவது. எண் மட்டுமே தாங்கிய விடைத்தாளுக்கு முகமில்லை. குலமும் செல்வாக்கும் பேச்சுத் தயக்கமும் அதில் தெரிவதில்லை. எளிய வீட்டுப் பிள்ளைக்கு அது சிறிய கொடையல்ல.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானதும் வீட்டிலிருந்து எழுதிவரும் கட்டுரை சாட்சி என்னும் தகுதியை இழந்தது. கண்டுபிடிக்கும் கருவிகளும் கைகொடுக்கவில்லை. ஓப்பன்ஏஐ 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவியை, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் தானே திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியதாகவே கணித்தன. கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில் எளிய சொற்களால் எழுதும் நம் மாணவர்மீதும் இந்தச் சந்தேகம் விழக்கூடும்.

ஆகவே வாய்மொழித் தேர்வுக்கே திரும்பலாம் என்கிறார்கள் சிலர். திரும்பலாம். ஆனால் முகமும் உச்சரிப்பும் குடும்பப் பெயரும் அதனுடன் சேர்ந்தே திரும்பும். வரைவு வரைவாகப் பார்த்து, மாணவரோடு அமர்ந்து பேசி மதிப்பிடுவதே நேர்மையான வழி என்று தோன்றுகிறது. அதற்கு வேண்டியது இன்னொரு கருவியன்று; கூடுதல் ஆசிரியர்களும் அவர்களுக்கான நேரமும். தேர்வு நடத்துவதற்கென்று பிறந்த ஓர் அமைப்புக்கு, கற்பித்தலே முதற்பணி என்பதை ஓர் இயந்திரம் வந்து நினைவூட்ட வேண்டியிருக்கிறது.