தகுதி உண்டா உனக்கு?

வேலை கேட்டு நிற்கும் இளைஞனிடம், "தகுதி உண்டா உனக்கு?" என்று கேட்கின்றனர். வேலை கிட்டவில்லை, உதவி தாருங்கள் என்று அவன் கேட்கும்போதும் அதே கேள்விதான்! முதற் கேள்விக்குப் பொருள் உண்டு. கொதிகலனைப் பற்றவைக்கத் தெரிந்தவன்தான் பற்றவைக்க வேண்டும். ஆனால், பசிக்கு என்ன தகுதி வேண்டும்? வேலையின்மைக்கு எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது? இந்த இரண்டாம் கேள்வி எங்கே பிறந்தது, எவர் நலத்துக்காகப் பிறந்தது என்பதை ஆராய்வது நம் கடமை.

பழைய நாட்களில் நம் கோயில் நகரங்களிலே சத்திரங்கள் இருந்தன, சோறும் இருந்தது. ஆனால், எவர் எந்தப் பந்தியில் அமரலாம் என்பதைப் பசி முடிவு செய்யவில்லை. பிறப்பு முடிவு செய்தது. உழைத்தவன் வெளியே நின்றான். ஓதியவன் உள்ளே உண்டான். ஏன் என்று கேட்டால், முன்வினை என்றனர், தலையெழுத்து என்றனர். தானம் என்ற பெயரால் நடந்த அந்த ஏற்பாட்டிலே தகுதி என்பது சாதிக்கு மறுபெயர்.

சீமையிலே சாதி இல்லை. ஆனால் சந்தேகம் இருந்தது. 1834ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஏழையர் சட்டம் ஒரு கொள்கையை வகுத்தது: உதவி பெறுபவன் வாழ்வு, உழைப்பவர்களில் மிகக் கீழான கூலியின் வாழ்வைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும்! அந்தக் கொள்கையின் நிழல் நம் மண்ணிலும் விழுந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியபோது, வைசிராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார். சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உயிரைக் காக்காது என்று வாதாடினார். மெய்யாகவே பசித்தவன்தானா என்று சோதிக்க, ஊரைவிட்டுப் பல மைல் தொலைவிலுள்ள வேலைக்களத்துக்கு அவனை நடக்கவைக்கும் முறையும் இருந்தது. நடந்து வந்தால் தகுதி உண்டு. வழியில் விழுந்துவிட்டால் கேள்வியே இல்லை!

உலகம் அங்கேயே நின்றுவிடவில்லை. 1911ஆம் ஆண்டு பிரிட்டன் தேசியக் காப்பீட்டுச் சட்டம் செய்தது. தொழிலாளி, முதலாளி, அரசு ஆகிய மூவரும் பணம் செலுத்தினர். வேலை போனால் ஒரு வாரம் கழித்து, வாரம் 7 ஷில்லிங் வீதம், ஓராண்டில் 15 வாரம் வரை உதவி. சில தொழில்களுக்கு மட்டுமே எனினும், அது பிச்சையன்று, உரிமை! எனினும் பழைய சந்தேகம் வேறு உருவில் மீண்டது. 1921இல், மெய்யாகவே வேலை தேடினாயா, நிரூபி என்றனர். 1931இல், காப்பீட்டு உதவி தீர்ந்தோரின் வீடுகளுக்குள்ளே புகுந்து குடும்ப வருவாயைக் கணக்கெடுத்தனர். மகள் சம்பாதித்தால் தந்தையின் உதவி குறைந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு, பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு, வேலையின்மையின்போது பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. அடுத்த கணமே 37ஆம் பிரிவு நினைவுக்கு வரும்: இதை நீதிமன்றத்தின் வழியே நிறைவேற்றிக் கொள்ள இயலாது! உரிமை என்று எழுதினர். சாவியைத் தம்மிடமே வைத்துக் கொண்டனர்.

1945இல், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காகத் தோன்றியவை வேலைவாய்ப்பு அலுவலகங்கள்; பின்னர் அனைவருக்கும் திறந்தன. காலியிடங்களை அவற்றுக்கு அறிவிப்பதை 1959ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கிற்று. 1965இல், திருச்சிக்குக் கிழக்கே திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை எழுந்தது. அதன் தொழிலாளருக்காகக் கைலாசபுரம் குடியிருப்பு உருவாயிற்று. பெயரோ கைலாசம், ஆனால் அங்கே வாழ்வளித்தது வரமன்று, ஆலை! வேள்வித்தீ தராத சோற்றை உலைத்தீ தந்தது. ஆலைக்குத் துணையாகத் துவாக்குடி வட்டாரத்திலே சிறு பட்டறைகள் தோன்றின.

ஆனால் பதிவு அட்டையின் வலிமை குறைந்தது. அலுவலகப் பட்டியல் மட்டும் போதாது, நாளேட்டிலும் விளம்பரம் செய்து வருவோர் அனைவரையும் கருத வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அது சமவாய்ப்பின் நியாயம், மறுக்கவில்லை. ஆனால், பதிந்து காத்திருப்பதே வேலைக்கு வழி என்ற நம்பிக்கை தளர்ந்தது.

2006ஆம் ஆண்டு, கலைஞர் அரசு, காத்திருக்கும் இளைஞருக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கிற்று. வேலையின்மை தனியொருவன் குற்றமன்று என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டது அது. அந்தப் பெருமையைப் போற்றும் நாம்தான் அதன் தகுதி விதிகளையும் உரைத்துப் பார்க்க வேண்டும்.

2024ஆம் ஆண்டின் அறிவிப்புகளைக் காண்போம். பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, மேனிலைக் கல்விக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்றாண்டு வரை கிடைக்கும். பதிவு செய்து ஐந்தாண்டு நிறைந்திருக்க வேண்டும். பதிவு விட்டுப்போகாமல் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருவாய் 72,000 ரூபாயைத் தாண்டலாகாது. வயது 40க்குள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிக்கு இல்லை. மாற்றுத் திறனாளிகளுக்கு விதிகள் தளர்த்தப்பட்டுள்ளன, தொகையும் கூடுதல்.

வயதுத் தளர்விலே சமூகநீதி ஒளிர்கிறது. ஆனால் ஐந்தாண்டுக் காத்திருப்பு? சீமையிலே ஒரு வாரம், இங்கே ஐந்தாண்டு! குடும்ப வருவாய் மாதம் 6,000 ரூபாயைக் கடந்தால் பட்டதாரி தகுதியற்றவன் என்பது 1931இன் வீட்டுக் கணக்கல்லவா? பட்டறை மூடப்பட்டு நேற்று வேலையிழந்த பற்றவைப்பாளன், இன்று எந்தக் கதவைத் தட்டுவான்?

இ.எஸ்.ஐ. கதவு ஒன்று உண்டு. 2018இல், நம் நாவில் புரளாத இந்திப் பெயருடன் ஒரு திட்டம் வந்தது. வேலையிழந்த காப்பீட்டாளருக்குச் சராசரி ஊதியத்தில் 25 விழுக்காடு. 2020இல் 50 ஆக உயர்ந்தது. 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரே முறை. ஆனால் சந்தா கட்டப்பட்டிருந்தால்தானே உரிமை! ஒப்பந்தக்காரன் கணக்கில் பெயரே இல்லாதவனுக்குக் கதவு ஏது?

உதவி கொடுத்தால் சோம்பல் வளரும் என்பர் சிலர். பட்டதாரிக்குத் தரும் 600 ரூபாய், நாளுக்கு 20 ரூபாய்! இதில் வளரும் சோம்பல் எது? உழைக்காமல் உண்பதைத் தருமமாக்கிய சமுதாயம், உழைக்க இடம் கேட்பவனைப் பார்த்துச் சோம்பேறி என்பது விந்தையினும் விந்தை!

எனவே நாம் கேட்பது: காத்திருப்புக் காலம் குறைக, தொகை உயர்க, வேலையிழந்த நாளே உதவிக்குத் தொடக்கநாள் ஆகுக! கேட்பதோடு நில்லாமல் செய்யவும் வேண்டும். மூன்றாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க மறந்து உரிமையை இழப்போருக்கு, நம் படிப்பகங்கள் நினைவூட்டட்டும். விண்ணப்பம் எழுதித் தரட்டும். ஒப்பந்தத் தொழிலாளியிடம், உன் பெயரில் சந்தா ஏறுகிறதா என்று கேட்கட்டும். தகுதி உண்டா என்று கேட்போரிடம் நாம் திருப்பிக் கேட்போம்: வேலை தர இயலாத ஏற்பாட்டுக்கு, வேலையற்றவனைச் சோதிக்கும் தகுதி உண்டா?