கொம்பு: பூண்டுலோயாவில் ஒரு சொல்லும் அதன் பொருள்களும்

கொம்பு என்பது விலங்கின் தலையில் முளைக்கும் கூரிய உறுப்பு. அதைக் குடைந்து செய்த ஊதுகருவிக்கும், அதே வளைவில் பித்தளையாலும் வெண்கலத்தாலும் வார்த்த இசைக்கருவிக்கும் இதுவே பெயர். யானையின் தந்தம், மரக்கிளை, கொடி படர ஊன்றும் கோல், தமிழ் எழுத்தில் எ, ஏ, ஐ ஒலிகளைக் காட்டும் குறி ஆகியவையும் கொம்பு என்றே சொல்லப்படும். பேச்சு வழக்கில் அது செருக்கையும் குறிக்கும். தெருவில் வாகனங்கள் ஒலியெழுப்பும் கருவிக்கு மட்டும் ஹோன் என்ற வேற்றுமொழிப் பெயர் நிலைத்துவிட்டது.

இப்பொருள்களுள் பெரும்பாலானவை நுவரெலியா மாவட்டத்துப் பூண்டுலோயாவில் இன்றும் புழங்குகின்றன. தலவாக்கலைக்கும் தவலந்தென்னைக்கும் இடையில், தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த சிறு நகரம் அது. ஒருகாலத்தில் தோட்டத் தொழிலாளியின் விடியலைத் தொடக்கிவைத்த ஊதுகொம்பைப் பற்றி எழுதப்பட்டதுதான் மிகக் குறைவு. இக்கட்டுரை அதைக் கடைசியில் விரிவாகப் பார்க்கிறது.

விலங்கின் கொம்பு

மாடு, ஆடு, எருமை ஆகியவற்றின் கொம்புக்கு உள்ளே எலும்பு. வெளியே கெரட்டின் உறை. நகமும் மயிரும் இதே கெரட்டினால் ஆனவைதான். இந்தக் கொம்பு உதிர்வதில்லை. விலங்கின் ஆயுள் முழுவதும் வளரும். இறந்த மாட்டின் கொம்பிலிருந்து எலும்பைப் பிரித்தெடுத்தால் மிஞ்சும் உறை உள்ளே வெறுமையாக இருக்கும். நுனியை அறுத்துத் துளை விட்டால் ஊதலாம். சீப்பும் கத்திப்பிடியும் செய்வதும் இந்த உறையில்தான். தோட்டத்து லயங்களின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்புறம் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்கள் மாட்டுப் பொங்கலன்று கழுவி வர்ணம் பூசி மாலை சூட்டுவதும் இதற்குத்தான்.

மரையின் கொம்பு வேறு வகை. இலங்கைத் தமிழில் மரை என்பது தமிழ்நாட்டார் கடமான் என்று சொல்லும் பெரிய மான். அதன் கொம்பு முழுக்க எலும்பு. ஆண் மரைக்கு மட்டுமே உண்டு. மென்மயிர்த் தோல் போர்த்து வளர்ந்து, தோல் உரிந்து முற்றி, ஒரு கட்டத்தில் உதிர்ந்து, மறுபடி முளைக்கும். முற்றிய கொம்பில் பக்கத்துக்கு மூன்று கூர்கள் இருப்பது வழக்கம். 1988இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ஹோட்டன் சமவெளியில் மரைகளை இன்றும் கூட்டமாகப் பார்க்கலாம். ஆட்சிக்காலத்து ஆங்கிலேயர் மரையை ‘எல்க்’ என்று வேறொரு மானின் பெயரால் அழைத்தார்கள். நுவரெலியாவுக்கு அருகிலுள்ள எல்க் பிளெய்ன்ஸ் என்ற இடப்பெயர் அப்படி வந்தது. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்களைக் கொண்டு மரை வேட்டையாடியதை நூலாகவே எழுதினார். அந்த வேட்டையும் காப்பிக்காகக் காடு அழிந்ததும் சேர்ந்து மலைநாட்டில் மரையின் வாழிடத்தைச் சுருக்கிவிட்டன.

மலைநாட்டுக்கே உரிய இன்னொரு கொம்பு ஓர் ஓணானின் மூக்கில் இருக்கிறது. செரட்டோஃபோரா என்ற பேரினத்தைச் சேர்ந்த ஓணான்கள் உலகில் இலங்கையில் மட்டுமே வாழ்கின்றன. அவற்றுள் மத்திய மலைகளின் முகில்காடுகளில் வாழும் இனத்தை ஜோன் எட்வர்ட் கிரே 1834இல் விவரித்தார். ஆணின் மூக்குநுனியில் வெள்ளைக் கூராக நீளும் கொம்பு பெண்ணில் சிறுத்திருக்கும். நக்கிள்ஸ் மலையில் வாழும் இனத்துக்கு அது இலை வடிவில் தட்டையாக இருக்கும். இரண்டிலும் எலும்பு இல்லை. பாசி படிந்த கொப்பில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த ஓணான்களைத் தேடுபவர் கண்ணுக்கு முதலில் படுவது அந்தக் கூர்தான். தோட்டங்களுக்கு மேலே மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகள்தான் இவற்றின் வீடு. அவற்றை விறகுக்காகக் கரைப்பது பெரும் இழப்பு.

கொம்பன் என்பது தந்தமுள்ள ஆண் யானை. இலங்கையில் ஆண் யானைகளிலும் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு.

ஊதுகருவி

பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் கூத்தர் சுமந்துசெல்லும் கருவிகளைச் சொல்கையில் முழவு, ஆகுளி, தூம்பு, குழல் முதலியவற்றோடு ‘கோடு’ என்ற ஊதுகொம்பையும் சேர்க்கிறது. கொம்பில் விரல்துளை கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும்தான் சுரத்தை மாற்ற வேண்டும். மாட்டுக்கொம்பு குட்டை, அதில் ஒன்றிரண்டு ஒலிகளே பிறக்கும். உலோகக் கொம்பு நீளமானது. தனித்தனித் துண்டுகளைப் பூட்டி அரைவட்டமாகவோ பாம்பு நெளிவாகவோ ஆக்குவார்கள். கேரளப் பஞ்சவாத்தியத்தில் திமிலை, மத்தளம், இடக்கை, இலைத்தாளம் என்பவற்றோடு ஐந்தாவது கருவி கொம்பு. தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் கயிலாய வாத்தியக் குழுக்கள் அண்மைக் காலத்தில் இதை மீண்டும் தெருவுக்குக் கொண்டுவந்துள்ளன.

ஊதாத கொம்பும் ஒன்று உண்டு. மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகி அம்மன் கோயில்களில் நடக்கும் கொம்புமுறி விளையாட்டில் ஊர் இரண்டு சேரியாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த உறுதியான மரக்கொம்பு இரண்டை ஒன்றோடொன்று கோத்துக் கயிறு கட்டி இருபுறமும் இழுப்பார்கள். எந்தக் கட்சியின் கொம்பு முறிகிறதோ அது தோற்றது. மழை வேண்டியும் நோய் நீங்கவும் இதை ஆடினார்கள். சிங்களவர் கண்ணகியையே பத்தினித் தெய்வமாகக் கொண்டு ஆடும் ‘அங் கெலிய’ இதன் உடன்பிறப்பு. அங்கே மரையின் கொம்பையே கோப்பதும் உண்டு. கனநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாட்டு ஆய்வில் இதை விரிவாகப் பதிவு செய்தார். ஒரே தெய்வத்தின் முன் இரு மொழியாரும் ஒரே விளையாட்டை ஆடியிருக்கிறார்கள் என்பதைப் பள்ளிப் பாடநூல்கள் சொல்லித்தர வேண்டும்.

எழுத்தில்

தமிழுக்கும் சிங்களத்துக்கும் உள்ள இந்த உறவு எழுத்திலும் தெரிகிறது. தமிழில் ெ ஒற்றைக் கொம்பு, ே இரட்டைக் கொம்பு, ை இணைக்கொம்பு. சிங்கள எழுத்தில் எகரத்தைக் காட்டும் குறிக்கும் பெயர் ‘கொம்புவ’. அதன் நெடில் வடிவத்தை ‘திக கொம்புவ’ என்பார்கள். பூண்டுலோயா நகரத்துத் தமிழ்ப் பள்ளியிலும் சிங்களப் பள்ளியிலும் பிள்ளைகள் எழுத்துக்கு முன்னால் போடும் குறியை ஒரே பெயரால் சொல்லிப் படிக்கிறார்கள்.

பழைய தமிழில் எகரக் குறிலுக்குப் புள்ளி இட்டார்கள், நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் அதை விட்டுவிடுவது வழக்கமாகி, குறிலும் நெடிலும் ஒன்றுபோல் தோன்றின. மேற்சுழி கொண்ட இரட்டைக் கொம்பை வழக்குக்குக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர் (1680–1747) என்பது மரபு. ‘தேயிலை’ என்று எழுதிப் பார்த்தால் தகரத்துக்கு முன் இரட்டைக் கொம்பும் லகரத்துக்கு முன் இணைக்கொம்பும் நிற்கும். பழைய அச்சில் அந்த லை துதிக்கை வைத்த வேறு வடிவம். தமிழ்நாடு அரசின் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் அதை மாற்றியது.

பேச்சிலும் ஊர்ப்பெயரிலும்

ஒருவர் தன்னைப் பெரியவராகக் காட்டிக்கொண்டால் ‘அவனுக்கு என்ன, கொம்பா முளைச்சிருக்கு?’ என்பார்கள். இருவரை மோதவிடுவது கொம்பு சீவி விடுவது. மரக்கிளை என்ற பொருளில் கொம்புத்தேன், கொழுகொம்பு போன்ற சொற்கள் நூல்வழக்கிலும் பழமொழியிலும் வாழ்கின்றன. ஆனால் தேயிலைச் செடியில் இந்தச் சொல் ஒட்டவில்லை. செடிகளைக் கவ்வாத்து வெட்டித் தறித்த மலையில் விழும் கிளைக்குத் தோட்டத்துப் பேச்சில் மிலாறு என்று பெயர். அடுப்புக்குப் போவது அதுதான். கொழுந்தெடுக்கும் மட்டத்தைப் பார்க்கச் செடியின் மேல் வைக்கும் நேரான குச்சி மட்டக்கம்பு.

பூண்டுலோயாவின் மடக்கொம்பரைத் தோட்டத்தின் பெயரில் விலங்கின் கொம்பும் இல்லை, மரத்தின் கொம்பும் இல்லை. ‘மடகும்புர’ என்ற சிங்களப் பெயரின் தமிழ் உச்சரிப்பு அது. மட என்றால் சேறு, கும்புர என்றால் வயல். தென்னமெரிக்காவின் தென்முனையான ஹோர்ன் (ஆங்கிலத்தில் கொம்பு) முனையின் கதையும் இதுவே. 1616இல் அதைக் கடந்த ஒல்லாந்து மாலுமிகள் தங்கள் ஹூர்ன் நகரத்தின் பெயரை அதற்கு இட்டார்கள். ஆப்பிரிக்காவின் கொம்போ உண்மையிலேயே வடிவத்தால் பெற்ற பெயர்.

மடக்கொம்பரையில்தான் 1914இல் சி. வி. வேலுப்பிள்ளை பிறந்தார். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவானவர். தோட்ட மக்களின் பாட்டுகளை லயம் லயமாகக் கேட்டுத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாகத் தந்தவரும் அவரே. 1984இல் மறைந்தார்.

சாலையில்

தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாவுக்கு இறங்கும் பாதை வளைவுகளால் ஆனது. ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் பள்ளம். எதிரே வரும் பஸ் தெரிவதற்கு முன் அதன் ஹோன் கேட்கும். மின்காந்தம் ஒரு தகட்டை இழுக்க, இழுத்ததும் மின்தொடர்பு அறுந்து தகடு திரும்ப, இந்த அதிர்வு நொடிக்குப் பல நூறு தடவை நடப்பதே ஹோனின் ஒலி. முன்னாலுள்ள நத்தைச்சுருள் கூடு பழைய கொம்பைப் போலவே அந்த ஒலியைப் பெருக்கித் தருகிறது. மலைப்பாதையின் ஒழுங்கு எளியது. வளைவுக்கு முன் ஒரு தடவை அடிக்க வேண்டும். ஏறும் வாகனத்துக்கு இறங்கும் வாகனம் இடம் கொடுக்க வேண்டும். பனிமூட்டம் இறங்கிய மாலைகளில் இந்த ஒரு சத்தம் உயிரைக் காக்கும். அதே கருவியைக் கடைத்தெருவில் விடாமல் அலறவைப்பது அநியாயம். ஹோனுக்குப் பதில் மெட்டிசைத்துப் பாண் விற்க வரும் முச்சக்கர வண்டிக்கு ‘சூன் பாண்’ என்ற பெயர் வந்தது, அதன் ஒலிபெருக்கியில் சுழலும் மெட்டால். பெரும்பாலும் அது பேத்தோவனின் ‘எலீஸுக்காக’.

பெரட்டுக் கொம்பு

காப்பிக் காலத்திலிருந்தே தோட்டத்தின் நாள் ஒரு சத்தத்தில்தான் தொடங்கியது. பெரும்பாலும் அது தப்பு என்னும் பறை. கொம்பு ஊதிய தோட்டங்களும் இருந்தன. லயத்தில் கடிகாரம் இல்லை. நேரம் தோட்ட நிர்வாகியான துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமும் இருந்தது. இருட்டு விலகுமுன் அந்தச் சத்தம் எழுந்ததும் அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுப் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். அங்கேதான் ஆளெண்ணி மலை பிரித்துக் கொடுப்பார்கள். பிந்தி வந்தவருக்கு வேலை மறுக்கப்படலாம். வேலை இல்லையென்றால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் என்பது செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் விழும் ஒரு நாள் கூலி. பாதி வேலைக்கு அரைப்பேர்.

இந்தக் காரியத்துக்குத் தப்பும் கொம்பும் பொருந்தியதற்குக் காரணம் நிலம்தான். லயங்கள் சரிவுகளில் சிதறிக் கிடந்தன. மனிதக் குரல் ஓர் ஓடையைத் தாண்டாது. தோலின் அதிர்வும் கொம்பின் தடித்த ஒலியும் தாண்டும். ஆனால் இரண்டின் கதையும் ஒன்றல்ல. தப்பு மக்களுடையது. காமன் கூத்திலும் கோயில் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் அதே தப்பு அடித்ததால், பெரட்டு நேரம் மாறிய பின்னும் அது நிலைத்தது. பெரட்டுக் கொம்புக்கு வேலையைத் தவிர வேறு வாழ்வு இருக்கவில்லை. மணியும் கடிகாரமும் வந்ததும் அது மறைந்தது. தோட்டத்தைப் பற்றி எழுதிய துரைமார் அதை விடியற்காலை ஒழுங்கின் ஓர் அடையாளமாக மட்டுமே குறித்தார்கள். அதைக் கேட்டு எழுந்தவர்களின் சொல் ஏட்டில் அதிகம் ஏறவில்லை. மலையகத் தமிழுக்கு ஓர் அகராதி செய்யும்போது ‘கொம்பு’ என்ற சொல்லின் கீழ் முதலில் இடம்பெற வேண்டிய பொருள் இதுதான்.

பெரட்டுக் கொம்பைக் கேட்டவர்களோ, அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளோ உங்கள் வீட்டில் இருந்தால், தோட்டம், டிவிஷன், ஊதியவர் செய்த வேலை, கொம்பு மாட்டுடையதா பித்தளையா, எத்தனை மணிக்கு ஊதினார்கள் என்பதை எழுதியோ கைப்பேசியில் பதிந்தோ வையுங்கள். ஈழத்தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேமித்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற காப்பகங்களுக்கு அதன் பிரதியொன்றை அனுப்பிவையுங்கள்.