வள்ளி நாடகம் யாருக்குச் சொந்தம்?

நெடுநாளாக நடந்துவரும் ஒரு கலையை மாற்றலாமா, மாற்றினால் எவ்வளவு மாற்றலாம் என்னும் வினா, சென்ற ஆண்டு நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில் எழுந்தது. கேமரன் மலையில் ரிங்லெட்டை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நாம், அக்கூட்டத்தின் நடவடிக்கைகளை எழுதி வைக்கும் பொறுப்பில் இருந்தோம். ‘வள்ளி திருமணம்’ ஆடுவது என்பது ஒருமனதாக முடிவாயிற்று. அதற்கு மேல் ஒருமனம் இல்லை. இரவு பத்து மணிக்குத் தொடங்கி, ஒரு பாட்டும் குறையாமல், விடியும் வரை ஆட வேண்டும் என்றனர் பெரியவர்கள். இரண்டு மணி நேரத்தில் முடிக்காவிட்டால் உட்கார்ந்து பார்க்க ஆள் இராது என்றனர், ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்த்துத் திருவிழாவுக்கு மட்டும் மலையேறி வரும் இளைஞர்கள்.

இது வீண் சச்சரவு என்று ஒதுக்கத்தக்கதன்று. இன்று இம்மலையில் கொழுந்து பறிப்போருள் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்து வருகின்றன. ஓராண்டு நின்றுபோன நாடகம் மறு ஆண்டு மீளும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே இரு கட்சியாரின் வாதத்தையும் சரித்திரத்தின் துணைகொண்டு ஆராய்வது நம் கடமையாகிறது.

பெரியவர்கள் ‘பழைய முறை’ என்று போற்றுவது எது? அது சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த முறை. 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்த அவர், தெருக்கூத்திலும் மக்கள் வாய்மொழியிலும் வழங்கிய கதைகளை எடுத்து, அரங்க மேடைக்கு ஏற்பப் பாடலும் விருத்தமும் வசனமுமாக அமைத்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவி, சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்தினார். அச்சபையில் வள்ளியாக நின்றவனும் ஒரு பையனே! அம்முறைதான் மாறாதது என்றால், இன்று வள்ளி வேடத்துக்கு நம் பெண்களை அழைப்பதற்கே இடமில்லை. 1920-களில் கொழும்பு மேடையில் சேர்ந்து நடிக்கத் தொடங்கிய கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் வள்ளியும் வேலனுமாகத் தோன்றியபோது, அதுவும் ஒரு மாறுதலே. நாம் பழமை என்று வணங்குவது, ஒரு காலத்தில் ஒரு சீர்திருத்தக்காரர் செய்த புதுமை என்பதை மறத்தல் ஆகாது.

இளைஞர் கட்சிக்கும் ஒரு முன்னோடி உண்டு. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், பாட்டைக் குறைத்து உரைநடையை மேடையேற்றினார். அவருடைய ‘மனோகரா’ பேச்சின் வலிமையால் நின்றது. ஆயினும் அவர் சுவாமிகளின் நாடகங்களை வெட்டித் தம்முடையவை ஆக்கவில்லை. தம் நாடகங்களைத் தாமே எழுதினார். சுவாமிகளிடம் சிறுவர்களாகப் பயின்ற டி. கே. எஸ். சகோதரர்கள், பிற்காலத்தில் இருவர் நாடகங்களையும் ஆடினர். ஒன்று வாழ மற்றொன்று மடியவேண்டும் என்னும் நியதி இல்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதுமன்று. நம் உறவுப் பையன் ஒருவன் ‘செல்டா’ என்னும் ஜப்பானியத் தொடர் விளையாட்டில் மூழ்கிக் கிடப்பவன். 1986-இல் தோன்றிய அவ்விளையாட்டு, 2002-இல் சித்திரப் பொம்மை போன்ற உருவில் வந்தபோது, ரசிகர்களில் பலர் சீறினர். பின்னர் அதையே பலர் புகழ்ந்தனர். 2006-இல் ரசிகர் பலர் விரும்பியபடியே இயற்கைத் தோற்றத்துடன் ஒன்று வந்தது. 2017-இல் வந்த பகுதியோ, இடையில் படிந்துபோன பல வழக்கங்களைக் களைந்து, ஆடுபவன் விரும்பிய திசையில் திரியலாம் என்றது. உலகம் வியந்த அந்தப் புதுமை, உண்மையில் 1986-ஆம் ஆண்டு முதல் விளையாட்டிலேயே இருந்த சுதந்திரம்! அப்போதும், பழைய சுரங்கக் கோட்டைகள் எங்கே என்று குறைப்பட்டோர் இருந்தனர். எல்லோரையும் நிறைவிக்கும் மாற்றம் உலகில் இல்லை. ஆனால் வேரைத் தேடிச் சென்றவன் செய்த மாற்றம் நிலைக்கிறது.

அப்படியானால் வள்ளி நாடகத்தின் வேர் எது? பாட்டின் எண்ணிக்கையா? விடியற்காலச் சேவல் கூவும் வரை நீளும் நேரமா? அன்று. தினைப்புனத்தில் தனியே நிற்கும் ஒரு வேடர் குலப் பெண், வந்தவன் இன்னான் என்று அறியாமலே, அவனை எதிர்த்துத் தர்க்கம் செய்கிறாளே, அதுதான் வேர். மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில், நடிகர்கள் தனித்தனியே அமர்த்தப்பட்டு, ஒத்திகையின்றி மேடையிலேயே சந்திக்கின்றனர். தர்க்கத்தில் கேள்வியும் மறுமொழியும் அப்போதைக்கப்போது பிறக்கின்றன. அதாவது, மாறாதது என்று பெரியவர்கள் காக்கும் நாடகத்தின் நடுவிலேயே, இரவுதோறும் மாறுவதற்கென்று ஓர் இடம் விடப்பட்டிருக்கிறது. இளைஞர்களோ, சுருக்க வேண்டும் என்ற அவசரத்தில், முதலில் வெட்டச் சொன்னது அந்தத் தர்க்கத்தைத்தான்! இரு கட்சியாரும் தாம் வாதிட்ட பொருளைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

நாம் கூட்டத்தில் சொன்னது இதுவே: தர்க்கத்தில் கை வைக்காதீர்கள், ஆர்மோனியத்தையும் பபூனையும் விடாதீர்கள், மற்றவற்றைக் குறையுங்கள், வள்ளி இம்மலையின் பெண்ணாக நின்று, இம்மலையின் சொற்களால் வேலனை மடக்கட்டும். நாடகம் மூன்று மணி நேரம் நடந்தது. முதியவர் ஒருவர் பாதியில் துண்டை உதறி எழுந்து போனார். மூன்று மணி நேரமும் அதிகம் என்று இளைஞர் சிலர் முணுமுணுத்தனர். நாமும் நம் யோசனை முற்றிலும் வென்றதாகப் பெருமை கொள்ளவில்லை. எழுந்து போன பெரியவரின் முகம் இன்னும் நம் மனத்தில் நிற்கிறது. ஆனால் மறுநாள் காலை லயத்துக் குழாயடியில், ஒரு பாட்டியும் அவர் பேத்தியும், வள்ளி வேலனுக்குச் சொன்ன மறுமொழியை மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்ததை நாம் கண்ணாரக் கண்டோம்.

தோட்டந்தோறும் திருவிழா நடத்தும் அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. உரக்கக் கேட்பவர் பக்கம் சாய்ந்து நாடகத்தை முடிவு செய்யாதீர்கள். எதை எடுத்தால் கதை செத்துவிடும் என்று முதலில் கேளுங்கள், அதைப் பழையவர்களிடமிருந்து முழுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு மாற்றுங்கள். கற்காமல் காப்பவனும் கற்காமல் மாற்றுபவனும் கலைக்குச் செய்யும் தீங்கு ஒன்றே. நம் பெரியவர் இன்னும் உயிரோடிருக்கிறார். அவருக்கு அந்தப் பாட்டுகள் யாவும் மனப்பாடம். அடுத்த திருவிழாவுக்கு முன் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தீர்மானித்திருக்கிறோம்.