கடிகாரத்தைப் பார்க்க மறந்தவர்

‘சோதனைக் குழாய்க் குழந்தை’ என்று பத்திரிகைக்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அந்தக் குழந்தைக்கும் சோதனைக் குழாய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. காரியம் நடப்பது சின்னஞ்சிறு கண்ணாடிப் பாத்திரத்தில். 1978 ஜூலை 25-ஆம் தேதி இங்கிலாந்தில் ஓல்டம் என்ற ஊரில் லூயிஸ் பிரவுன் பிறந்த செய்தி உலகத்துக்கே தெரியும். அதற்கு 34 வருஷங்களுக்கு முன்னால், அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டிய புருக்லைனில், ஒரு பெண்மணி தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்து செய்த காரியம் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் மிரியம் மென்கின்.

இவர் 1901-இல் பிறந்தவர். கார்னெல் சர்வகலாசாலையில் 1922-இல் பட்டம் வாங்கினார். கொலம்பியாவில் பாரம்பரிய விஞ்ஞானம் படித்து இன்னொரு பட்டமும் வாங்கினார். டாக்டராக வேண்டும் என்பது ஆசை. மருத்துவக் கல்லூரி இடம் கொடுக்கவில்லை. டாக்டராக முடியாதவர், டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டார். கணவர் படிப்புக்குப் பணம் வேண்டுமே! ஆகவே காரியதரிசி வேலைக்கான படிப்பையும் படித்துவைத்தார். அந்த நாளில் கெட்டிக்காரப் பெண்ணுக்குத் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான் போலும்.

ஹார்வர்டில் கிரெகரி பிங்கஸ் என்ற விஞ்ஞானி முயல்களை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முயலின் முட்டையை உடலுக்கு வெளியே சினைப்படுத்திவிட்டதாக 1934-இல் அறிவித்து, பெரிய பரபரப்புக்கு ஆளானவர். அவரிடம் மென்கின் அம்மையார் வேலைக்குச் சேர்ந்தார். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து சத்தை வடித்தெடுப்பார்கள். அதை ஊசியில் ஏற்றினால் முயல் ஏராளமாக முட்டை விடும். அந்தச் சத்தை வடிக்கும் வேலை அம்மையாருடையது. இந்த வித்தையெல்லாம் புத்தகத்தில் படித்து வருவதில்லை. பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்று பக்கத்தில் நின்று பார்த்துத்தானே தெரிந்துகொள்கிறோம்! அப்படி நின்று பார்த்துக் கற்ற வித்தை இது. பிங்கஸுக்கு ஹார்வர்டு நிரந்தர உத்தியோகம் தர மறுத்ததும் ஆராய்ச்சிசாலை கலைந்தது. வேலை போயிற்று. கை கற்றது போகவில்லை.

1938-இல் ஜான் ராக் என்ற டாக்டரிடம் வந்தார். ராக், பெண்களுக்கான இலவச ஆஸ்பத்திரியில் மகப்பேற்று நிபுணர். நல்ல கத்தோலிக்கர், ஐந்து குழந்தைகளுக்குத் தகப்பனார். கருக்குழல் அடைபட்டதனால் பிள்ளையில்லாமல் தம்மிடம் வந்து கண்ணீர் விடும் பெண்களைப் பார்த்துப் பார்த்து, குழலைச் சுற்றிக்கொண்டு போக வேறு வழி உண்டா என்று யோசித்தவர். முயலில் செய்ததை மனிதரில் செய்யவேண்டும். செய்து காட்ட ஆள் வேண்டும். மென்கின் கிடைத்தார்.

வேலை வார முறைப்படி நடந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அறுவை அறைக்கு வெளியே அம்மையார் காத்து நிற்பார். கருப்பையை எடுக்கவேண்டிய நோயாளிகளுக்கு, முட்டை இயல்பாக வெளிவரும் நாளையொட்டி ராக் அறுவை சிகிச்சை செய்வார். சூலகத்தின் ஒரு துண்டு வெளியே வரும். அதை வாங்கிக்கொண்டு அம்மையார் மாடி மாடியாக ஓடுவார். கீறிப் பார்த்து முட்டையைத் தேடவேண்டும். முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இந்த வாக்கியத்தின் முடிவில் உள்ள புள்ளியைவிடச் சிறியது. கிடைத்தால் ரத்தத் தெளிவில் ஊறவைத்து இளஞ்சூட்டில் வைப்பார். புதன்கிழமை விந்தணுக்களைச் சேர்ப்பார். வெள்ளிக்கிழமை பூதக்கண்ணாடியில் பார்ப்பார். வியாழக்கிழமை என்ன செய்வார் என்றால், பிரார்த்தனை. இது அவரே வேடிக்கையாகச் சொன்னது.

ஆறு வருஷம் இப்படியே நடந்தது. ஏறக்குறைய 800 முட்டைகளைக் கண்டெடுத்தார். அவற்றில் 138-ஐ விந்தணுவோடு சேர்த்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஏமாற்றம். நாவலில் இப்படி எழுதினால், ‘ஆறு வருஷம் ஒன்றுமே நடக்கவில்லையா?’ என்று வாசகர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

1944 பிப்ரவரியில் ஒரு நாள். வீட்டில் கைக்குழந்தைக்குப் பல் முளைக்கும் சமயம். ராத்திரியெல்லாம் தாய்க்குத் தூக்கமில்லை. மறுநாள் ஆராய்ச்சிசாலையில் விந்தணுக்களை வழக்கம்போல் மூன்று தடவை கழுவாமல் ஒரே தடவை கழுவினார். திரவம் வழக்கத்தைவிடச் செறிவாக இருந்தது. முட்டையைச் சுற்றி அவை துள்ளுவதைப் பார்த்தபடியே அசந்துபோய், கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார். அரை மணி நேரம் வைக்கவேண்டியது ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

பிறகு எடுத்துப் பார்த்தபோது முட்டை பிளந்து பெருக ஆரம்பித்திருந்தது. உடலுக்கு வெளியே மனித முட்டை அப்படிப் பிரிந்ததை அதற்குமுன் யாரும் கண்டதாக எழுதிவைக்கவில்லை. ராக்கைக் கூப்பிட்டார், இன்னும் பலரும் ஓடிவந்தார்கள். அதைக் கெடாமல் பதப்படுத்துவது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பதப்படுத்தும்போது முட்டை எங்கோ தவறிப் போயிற்று. ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை. அன்று அந்த அம்மையார் எப்படி வீட்டுக்குப் போயிருப்பார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஆனால், தாம் எதை மாற்றிச் செய்தோம் என்பது அவருக்கு நினைவிருந்தது. இதுதான் முக்கியம். தூக்கக் கலக்கத்தில் தவறுகிறவர்கள் உலகத்தில் கோடிப் பேர். தவறை எண்ணி வைத்துக்கொண்டு, அதையே முறையாக்கித் திரும்பச் செய்கிறவர் அபூர்வம். அவர் திரும்பச் செய்தார். மேலும் மூன்று முட்டைகள் பிரிந்தன, படமும் எடுத்தார். 1944 ஆகஸ்டில் ‘ஸயன்ஸ்’ பத்திரிகையில் ராக், மென்கின் என்ற இரு பெயர்களோடு கட்டுரை வெளியாயிற்று. முட்டைகளைத் தந்த பெண்கள் யார் என்று அதில் இல்லை.

வெற்றி கிட்டிய சமயத்தில் கணவருக்கு பாஸ்டனில் வேலை போயிற்று. வட கரோலினாவில் வேறு வேலை. அம்மையாரும் மூட்டை கட்டினார். அங்கே உள்ள டாக்டர்களுக்கு இந்த ஆராய்ச்சியின் பெயரைக் கேட்டாலே அருவருப்பு. ஒரு துண்டு சூலகம் கேட்டு வாங்க வழியில்லை. ஆறு வருஷம் பழகிய கை சும்மா இருந்தது. பாஸ்டனில் ராக்காலும் அவர் இல்லாமல் இந்த ஆராய்ச்சியை மேலே கொண்டுபோக முடியவில்லை.

பின்னால் வந்தவர்களில் சிலர், அந்த முட்டைகள் மெய்யாகவே சினைப்பட்டனவா, தாமாகவே பிளந்தனவா என்று சந்தேகித்தார்கள். காரணம் இல்லாமலில்லை. விந்தணு பெண் உடலில் சிறிது நேரம் இருந்து பக்குவப்பட்ட பிறகே சினைப்படுத்த வல்லது என்று 1951-இல் சாங், ஆஸ்டின் என்ற இருவர் தனித்தனியே கண்டார்கள். முட்டையும் பக்குவப்பட வேண்டும். மனித முட்டைக்கு அதற்கு 12 மணி நேரம் போதும் என்று பிங்கஸ் எழுதியிருந்தார். இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ் அதை நம்பி முயன்று முயன்று தோற்றார். கடைசியில், ஏறக்குறைய 36 மணி நேரம் வேண்டும் என்று தாமே கண்டார். குரு எழுதிய ஓர் எண் எத்தனை பேரைக் காக்க வைத்தது, பாருங்கள்! 1969-இல் எட்வர்ட்ஸும் கூட்டாளிகளும் மனித முட்டை சினைப்பட்டதை ஐயமறக் காட்டினார்கள். 2010-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மென்கின் அம்மையார் விவாகரத்துக்குப் பிறகு, 1950-களில் பாஸ்டனுக்குத் திரும்பி ராக்கிடமே வந்து சேர்ந்தார். இதற்குள் ராக்கின் கவனம் மாறிவிட்டது. அவரும் பழைய பிங்கஸும் சேர்ந்து கருத்தடை மாத்திரையில் முனைந்திருந்தார்கள். கருவை உண்டாக்கக் கற்றுக்கொடுத்த இருவரும் கருவைத் தடுக்கக் கிளம்பிவிட்டார்கள்! அம்மையாருக்குக் கிடைத்தது, புத்தகங்களைத் தேடிக் குறிப்பெடுத்து ராக்கின் கட்டுரைகளுக்கு உதவும் வேலை. இளமையில் படித்த காரியதரிசிப் படிப்பு அப்போது பயன்பட்டது.

லூயிஸ் பிரவுன் பிறந்தபோது அவருக்கு வயது 76. அதற்குப் பிறகும் 1992 வரை இருந்தார். அந்த ஆராய்ச்சியின் முழு விவரமும் 1948-இல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. எத்தனை தடவை கழுவுவது, எவ்வளவு நேரம் வைப்பது என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. அந்தக் கட்டுரையில் அவர் பெயர் முன்னாலும் ராக்கின் பெயர் பின்னாலும் அச்சாகியிருக்கின்றன.